முசுறுப் பாலம்

வீட்டில் பாதி வங்கியுடையது.
மாமரம் முழுக்க எங்களுடையது என்று நினைத்திருந்தோம்.

மாவுப்பூச்சி அப்படி நினைக்கவில்லை.
சுண்ணாம்பு தடவியதுபோல் காம்பெல்லாம் வெள்ளை,
கீழிலையெல்லாம் அடுப்புக்கரி.
கிளையை உலுக்கினால் பழ ஈக்கள் எழுந்து
அடுத்த கிளையில் போய் நிற்கும்,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

செம்பவாங் செடிக்கடைக்காரர்
ஒரு நீலப் பாட்டிலை நீட்டினார்.
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் புனிதவதி
கண்ணாடி போட்டுப் படித்தாள்:
பதினான்கு நாள் பழத்தைத் தொடாதே,
மீனுக்கு ஆகாது,
தேனீக்கு ஆகாது.
"நமக்கு மட்டும் ஆகுமாக்கும்"
என்று திரும்ப வைத்துவிட்டாள்.

வேப்பெண்ணெயில் பாத்திர சோப்பைக் கலக்கி
மூன்று சனிக்கிழமை அடித்தேன்.
மூன்று சனிக்கிழமையும் மழை.

வேலிக்கு அந்தப் பக்கம் ரொஹானாவின் ரம்புத்தான்
ஒரு பொட்டு இல்லாமல் நின்றது.
உச்சியில் இலைகளை இழுத்துத் தைத்த பந்துகள் ஏழு.
"கெரங்கா," என்றாள்,
முழங்கைத் தடிப்பைக் காட்டி.
"சம்பளம் கேட்காது. கடிக்கும்."

மின்தூக்கி பழுதுபார்ப்பது என் பிழைப்பு.
எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்தைந்து கிலோ என்று
ஒட்டி ஒட்டி இருபத்திரண்டு வருஷம்.
எனக்குக் கயிறென்றால் எஃகு.
இது துணி காயப்போடும் நைலான்,
கடையில் இரண்டு வெள்ளி.
ரம்புத்தான் கவையிலிருந்து மாங்கிளைவரை
வேலிக்கு மேலே இழுத்துக் கட்டினேன்.
எத்தனை பேர், எத்தனை கிலோ,
எழுதவில்லை.

இரண்டு நாள் யாரும் வரவில்லை.
மூன்றாம் நாள் ஒன்று பாதிவரை வந்து
மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது,
சோதனைக்கு வந்த அதிகாரி.
ஐந்தாம் நாள் காலை
கயிறே சிவந்து நகர்ந்தது.

பிறகு நடந்ததை அழகாகச் சொல்ல முடியாது.
ஒரு புழுவை ஆறு பேர் ஆறு பக்கம் இழுத்தார்கள்.
பழ ஈ காயில் கால்வைக்க யோசித்தது.
தபால்காரர் கடிபட்டார்.
நான் கழுத்தில், முதுகில், சொல்லமுடியாத இடத்தில்.
மாவுப்பூச்சியில் கொஞ்சத்தைத் தின்றன.
மீதியைச் சுற்றி நின்று காவல் காத்துத்
தேன் கறந்தன.
புனிதவதி அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:
"காவலுக்கு வந்தவர்கள் மாடும் வளர்க்கிறார்கள்."
வளர்க்கட்டும் என்று விட்டோம்.

கைக்கெட்டிய காய்களுக்கு அவள் நாளிதழ் சுற்றினாள்.
மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்துவைத்தாள்.
முகங்கள் தொங்கக் கூடாதாம்.

அப்போதுதான் பதினான்காம் எண் பையனுக்கு டெங்கி.
தெருமுனையில் சிவப்புப் பதாகை.
முகமூடியோடு புகையடிக்க வந்தவரிடம்
என்னவென்று சொல்வது?
பையன் மருத்துவமனையில் கிடக்கிறான்.
படுக்கைவிரிப்பொன்றை மரத்தின்மேல் வீசினேன்,
ஒரு கிளைக்குத்தான் போதியது.
கதவைச் சாத்திக்கொண்டோம்.

சாயந்திரம் ரொஹானாவின் தரையெல்லாம்
துருப்பொடி.
அவள் பெருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கயிற்றை அவிழ்க்க நினைத்தேன்.
ஈசூனில் ஒரே வாரத்தில் நான்கு மின்தூக்கிகள் நின்றுபோக
நினைத்ததோடு சரி.
பையன் வீடு திரும்பினான், கண்ணுக்கடியில் கறுப்போடு.

ஒரு புதன்கிழமை, பல்விளக்கியபடி பார்க்கிறேன்,
கயிற்றில் போக்குவரத்து.
விரிப்புக்குள் இருந்த கிளையில் ஒரு கூடு தப்பியிருக்கிறது.
வாயில் வெள்ளைப் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு
எதிர்த்திசையில்,
எங்களிடமிருந்து ரம்புத்தானுக்கு
குடிபோகிறார்கள்.
வாயில் நுரையோடு ரொஹானாவைக் கூப்பிட்டேன்.

காய் பதினொன்று தேறியது.
மூன்றை அவளுக்குக் கொடுத்தோம்.
மறுநாள் வேலிக்கு மேலே
பாதி அறுத்த பழத்தைத் தூக்கிக் காட்டினாள்,
நடுவில் நெளியும் ஒருவனோடு.
"இவனை எப்படி உள்ளே விட்டார்கள்?"

கயிறு தொய்ந்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை இழுத்துக் கட்ட வேண்டும்,
முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.